என் ஒரு ஓட்டால் என்ன ஆகிவிடும்?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



ஒவ்வொரு மாதமும் சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் என்று பேசுகிறோம். இந்த மாதம் ஓட்டைப் பற்றிப் பேசச் சொல்லி நிர்வாகிகள் கேட்டுக்கொண்டார்கள். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எந்தக் கட்சிக்குப் போடணும், எந்தச் சின்னத்துக்குப் போடணும் என்று நான் ஒரு வார்த்தையும் பேச மாட்டேன். அது உங்கள் சொந்த முடிவு.

குழுக்களுக்கு வரும்போது ஓட்டுப் பேச்சை எடுத்தால் மூன்று விதமான பதில் வருகிறது.

"நான் ஒருத்தி போடாட்டி என்ன ஆயிடப்போவுது? யாரு வந்தாலும் நாம நடவுக்குப் போனாத்தான் சோறு."

"அன்னைக்கு உளுந்து பறிக்கிற வேலை இருந்துச்சு. கூலிய விட முடியல."

"என் பேரு அம்மா ஊருல இருக்குக்கா. கல்யாணம் ஆயி எட்டு வருசமாச்சு, இங்க மாத்தவே இல்ல."

இந்த மூன்றையும் சோம்பேறித்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். மூன்றிலும் நியாயமான கேள்வி இருக்கிறது. 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் நூற்றுக்குச் சுமார் 70 பேர் ஓட்டுப் போட்டார்கள். தர்மபுரியில் 81 பேர், மத்திய சென்னையில் 54 பேர். அதாவது மாநிலம் முழுக்கப் பத்துப் பேரில் மூன்று பேர் போடவில்லை. தமிழ்நாட்டு வாக்காளர் பட்டியலில் ஆண்களைவிடப் பெண்கள்தான் அதிகம். ஆகவே இது நம்மைப் பற்றிய பேச்சு.

காட்டுமன்னார்கோயிலில் நடந்தது

அணைக்கரைப் பாலம் நம் எல்லோருக்கும் தெரியும். கீழணையில் இருந்து வடவாற்றில் தண்ணீர் போய் வீராணம் ஏரி நிரம்புகிறது. கொள்ளிடத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போனால் காட்டுமன்னார்கோயில். நம்மைப் போலவே நெல் விளைகிற பூமி. நம்மைப் போலவே நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண்கள்.

அந்தத் தொகுதியில் 2016 மே மாதம் சட்டமன்றத் தேர்தல் நடந்தது. ஜெயித்தவர் முருகுமாறன். அவருக்குக் கிடைத்தது 48,450 ஓட்டு. அடுத்து வந்தவர் தொல். திருமாவளவன். அவருக்கு 48,363 ஓட்டு. வித்தியாசம் 87. இவர் ஜெயித்தது சரியா, அவர் தோற்றது சரியா என்பது நம் பேச்சு இல்லை. அந்த 87-ஐ மட்டும் பார்ப்போம்.

நம் குழுவில் 12 முதல் 20 பேர் வரை இருக்கிறோம். சராசரியாக 15 பேர் என்று வைத்தால், ஆறு குழு சேர்ந்தால் 90 பேர். ஆறு குழு என்பது பல ஊராட்சிகளில் ஒரே ஒரு குக்கிராமத்துக் கணக்கு. ஒரு தொகுதியில் பொதுவாக 200-க்கும் மேற்பட்ட வாக்குச்சாவடிகள் இருக்கும். 87 ஓட்டை அத்தனை சாவடிக்கும் பங்கு வைத்தால், இரண்டு சாவடிக்கு ஒரு ஓட்டுகூடச் சரியாக வராது. அன்றைக்கு அந்தத் தொகுதியில் ஓட்டுப் போடாமல் இருந்தவர்கள் பல ஆயிரம் பேர். அவர்களில் ஒவ்வொருத்தரும் "நான் ஒருத்தர்தானே" என்றுதான் நினைத்திருப்பார்கள்.

இது ஏதோ ஒரு தடவை நடந்தது என்று நினைக்காதீர்கள். அதே 2016-இல் திருநெல்வேலி மாவட்டம் ராதாபுரத்தில் வித்தியாசம் வெறும் 49 ஓட்டு. அந்த வழக்கு உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. 2021-இல் சென்னை தியாகராய நகரில் 137 ஓட்டு. ஈரோடு மாவட்டம் மொடக்குறிச்சியில் 281 ஓட்டு. நம் காவிரி கடந்து வருகிற கர்நாடகத்துச் சாமராஜநகர் மாவட்டத்தில் சந்தேமரஹள்ளி என்று ஒரு தொகுதி இருந்தது. 2004-இல் அங்கே ஜெயித்தவருக்கு 40,752 ஓட்டு. தோற்றவருக்கு 40,751. ஒரே ஒரு ஓட்டு!

எல்லாத் தடவையும் இப்படி நடக்குமா?

நடக்காது. உங்களிடம் பொய் சொல்லக் கூடாது. அதே காட்டுமன்னார்கோயிலில் 2021-இல் வித்தியாசம் 10,000-க்கும் மேல். பெரும்பாலான தேர்தல்களில் உங்கள் ஒரு ஓட்டு இல்லாவிட்டாலும் ஜெயிக்கிறவர் ஜெயித்துவிடுவார். அப்படியென்றால் அந்த அக்கா கேட்டது சரிதானே என்று தோன்றும். அதனால் அடுத்த விஷயத்தைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

ஓட்டு எண்ணும்போது எப்படி எண்ணுகிறார்கள்? தொகுதி முழுவதையும் ஒன்றாகக் கொட்டி எண்ணுவதில்லை. ஒவ்வொரு சாவடியின் மெஷினும் தனித்தனியாக வரும். இந்தச் சாவடியில் மொத்தம் எத்தனை ஓட்டு, யார் யாருக்கு எத்தனை என்று தனித்தனியாக எழுதுவார்கள். கட்சி ஏஜெண்டுகள் பக்கத்தில் உட்கார்ந்து குறித்துக்கொள்வார்கள். படிவம் 20 என்ற பெயரில் தேர்தல் ஆணையமும் அந்தக் கணக்கைச் சாவடிவாரியாக வெளியிடுகிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

உங்கள் ஓட்டு யாருக்கு விழுந்தது என்று யாருக்கும் தெரியாது. அது ரகசியம். "யாருக்குப் போட்டேன்னு கண்டுபிடிச்சிடுவோம்" என்று யாராவது மிரட்டினால் நம்பாதீர்கள். ஆனால் உங்கள் தெரு இருக்கிற சாவடியில் 900 பேரில் 800 பேர் வந்தார்களா, 450 பேர் வந்தார்களா என்பது எல்லோருக்கும் தெரியும்.

இப்போது நீங்களே ஒரு வேட்பாளர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தெருவில் பத்துக்கு ஒன்பது பேர் வந்து ஓட்டுப் போடுகிறார்கள். இன்னொரு தெருவில் பாதிப் பேர் வருவதில்லை. இரண்டு தெருவிலும் குடிதண்ணீர்க் குழாய் கெட்டுப்போயிருக்கிறது. முதலில் எந்தத் தெருவுக்கு ஓடுவீர்கள்?

நம் குழுவிலும் இதுதானே நடக்கிறது! மூன்று கூட்டம் தொடர்ந்து வராத உறுப்பினர் கடன் மனு கொடுத்தால் என்ன சொல்கிறோம்? "கூட்டத்துக்கே வரல, இப்ப கடன் மட்டும் வேணுமா?" என்று கேட்கிறோம். தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து இருக்கிறவருக்குத்தான் குரல். வாக்குச்சாவடியும் ஒரு தீர்மானப் புத்தகம் மாதிரிதான். யாருக்குப் போட்டோம் என்பது அதில் தெரியாது. வந்தோம் என்பது தெரியும். ஜெயித்தவருக்கு நீங்கள் போடாமல் இருந்திருக்கலாம். அப்போதும் உங்கள் ஓட்டு வீணாகவில்லை. அடுத்த தேர்தலில் இந்தத் தெருவைக் கணக்கில் வைக்கணும் என்ற பயம் அவருக்கு இருக்கும். ஓட்டே போடாத தெருவைப் பற்றி யாருக்கும் பயம் இல்லை.

எந்த வேட்பாளரையும் பிடிக்கவில்லை என்றாலும் வீட்டில் உட்கார வேண்டாம். 2013 முதல் மெஷினில் நோட்டா பட்டன் இருக்கிறது. நோட்டா அதிகம் விழுந்தாலும் அடுத்த இடத்தில் இருப்பவர் ஜெயித்துவிடுவார் என்பது உண்மைதான். ஆனாலும் நீங்கள் வந்ததும், பிடிக்கவில்லை என்று சொன்னதும் கணக்கில் ஏறும்.

தேர்தல் சின்னதாக ஆக ஆக ஓட்டு பெரிதாகும்

எம்.பி. தேர்தலில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள். எம்.எல்.ஏ. தேர்தலில் இரண்டு லட்சம், இரண்டரை லட்சம் பேர். நம் ஊராட்சி வார்டில்? சில நூறு பேர்தான்.

2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் தஞ்சாவூர் உட்பட 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. நம் வயலில் சம்பா நின்ற நேரம். ஒவ்வொருவரும் நான்கு சீட்டில் ஓட்டுப் போட்டோம். தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள், வார்டு உறுப்பினருக்குத் தனிச் சீட்டு. 2020 ஜனவரி 2-ஆம் தேதி எண்ண ஆரம்பித்தபோது, தமிழ்நாட்டில் பல வார்டுகளில் ஒற்றை இலக்க வித்தியாசத்தில் முடிவு வந்தது. இரண்டு பேருக்கும் சமமாக ஓட்டு விழுந்த இடங்களில் சீட்டுக் குலுக்கிப் போட்டு ஜெயித்தவரை அறிவித்தார்கள். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஐந்து வருடப் பொறுப்பு ஒரு சீட்டுக் குலுக்கலில் முடிந்துபோனது. இன்னும் ஒரே ஒருத்தர் வந்து ஓட்டுப் போட்டிருந்தால் குலுக்கலே தேவையில்லை.

தெருவிளக்கு, குடிதண்ணீர், சுடுகாட்டுப் பாதை, வாய்க்கால் ஓரக் குப்பை எல்லாம் இந்தத் தேர்தலில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. நம் குழுப் பெண்களும் நிற்கலாம், ஜெயிக்கலாம். ஒரு ஆறேழு குழு சேர்ந்தால் ஒரு வார்டின் முடிவையே மாற்றிவிடலாம். அந்த ஓட்டை யாரும் சின்ன ஓட்டு என்று விட்டுவிடாதீர்கள்.

காசு வாங்கினால் என்ன?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் கூட்டம் முடிந்தால் அது நேர்மை இல்லை. "அவங்க காசுதானே, வாங்கிக்கிட்டு நம்ம இஷ்டத்துக்குப் போட்டா போச்சு" என்று நிறையப் பேர் சொல்கிறார்கள்.

நம் தஞ்சாவூரிலேயே நடந்ததைச் சொல்கிறேன். 2016 மே 16 அன்று தமிழ்நாடு முழுவதும் தேர்தல் நடந்தபோது தஞ்சாவூர், அரவக்குறிச்சி இரண்டு தொகுதியில் மட்டும் நடக்கவில்லை. வாக்காளர்களுக்குப் பணமும் பொருளும் கொடுத்தார்கள் என்று தேர்தல் ஆணையம் முதலில் தள்ளி வைத்து, பிறகு அந்தத் தேர்தலையே ரத்து செய்தது. மறுபடி ஓட்டுப் போட்டது நவம்பர் 19 அன்று. ஆறு மாதம் தஞ்சாவூருக்கு எம்.எல்.ஏ. இல்லை.

அந்த வருடம் எப்படிப்பட்ட வருடம் என்று உங்களுக்கு நினைவிருக்கும். ஜூன் 12-இல் மேட்டூர் திறக்கவில்லை. குறுவைக்குத் தண்ணீர் வரவில்லை. செப்டம்பரில்தான் திறந்தார்கள். காவிரிக்காக உச்ச நீதிமன்றத்தில் வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. டெல்டாவே தவித்த அந்த மாதங்களில், சட்டமன்றத்தில் தஞ்சாவூர்த் தொகுதியின் நாற்காலி காலியாக இருந்தது. காசு வாங்கியவர்களுக்கு மட்டும் இல்லை, வாங்காதவர்களுக்கும் சேர்த்துத்தான் அந்த நஷ்டம்.

கொடுக்கிறவர் அதைக் கணக்கில் செலவு என்றுதான் எழுதுவார். ஜெயித்த பிறகு நாம் போய்க் கேட்டால் "அதான் அன்னிக்கே குடுத்தாச்சே" என்று மனசுக்குள் நினைப்பார். ஐந்து வருடத்தை நாளாகப் பிரித்தால் 1,826 நாள். வாங்கிய தொகையை அதால் வகுத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு ஒரு டீக்குக்கூட வராது. சட்டப்படி கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம்.

பட்டியலில் பெயர் வேண்டும்

ஓட்டுரிமை நமக்குச் சும்மா வந்ததில்லை. சென்னை மாகாணத்தில் 1921-இல்தான் பெண்களுக்கு ஓட்டு வந்தது. அதுவும் சொத்து இருக்கிறவர்களுக்கு. நிலம் வைத்திருந்த அம்மாவுக்கு உண்டு, அந்த நிலத்தில் நாற்று நட்ட அம்மாவுக்கு இல்லை. எல்லோருக்கும் கிடைத்தது சுதந்திரத்துக்குப் பிறகு, 1951-52 முதல் பொதுத் தேர்தலில்.

அந்தத் தேர்தலில் வடமாநிலங்களில் பல பெண்கள் கணக்கெடுக்க வந்தவரிடம் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. "இன்னாரோட பெண்டாட்டி, இன்னாரோட அம்மா" என்று மட்டும் சொன்னார்கள். பெயர் இல்லாமல் பட்டியலில் சேர்க்க முடியாது என்று சுமார் 28 லட்சம் பெண்களை நீக்கிவிட்டார்கள். சொந்தப் பெயர் ஒரு காகிதத்தில் இல்லாததால் 28 லட்சம் பேரின் ஓட்டு போனது.

இன்றைக்கும் பெயர் விட்டுப்போகிறது. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. டிசம்பர் 19 அன்று வந்த வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் நீக்கப்பட்டிருந்தன. இறந்தவர்கள், இரண்டு இடத்தில் இருந்தவர்கள் போக, பெரும் பகுதி "இடம் மாறியவர்" என்ற கணக்கு. இதில் நமக்கு ஒரு கவலை இருக்கணும். இடம் மாறுகிறவர் யார்? கல்யாணம் ஆகி வருகிற மருமகள். திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போன குடும்பம். தண்ணீர் இல்லாத வருடத்தில் கேரளாவுக்கு வேலைக்குப் போனவர்கள். டெல்டாவில் வீட்டுக்கு ஒருத்தர் இப்படி இருக்கிறார்கள்.

ஆகவே பெயரைத் தேடிப் பாருங்கள். அட்டை கையில் இருப்பது போதாது, பட்டியலில் பெயர் இருக்கணும். புதிதாகச் சேர்க்கப் படிவம் 6. அம்மா வீட்டு ஊரில் இருந்து இங்கே மாற்றவும், எழுத்துப் பிழை திருத்தவும் படிவம் 8. இரண்டையும் வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் கொடுக்கலாம். சந்தேகம் இருந்தால் 1950-க்குப் போன் செய்யுங்கள். 18 வயது ஆகிற பிள்ளைகள் ஜனவரி 1 வரை காத்திருக்க வேண்டாம். ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 தேதிகளையும் கணக்கில் எடுக்கிறார்கள். 17 வயது முடிந்ததுமே முன்கூட்டி மனு கொடுக்கலாம்.

ஓட்டுப் போடும் நாளில்

கூலி போய்விடும் என்ற அக்காவுக்குப் பதில் இது. ஓட்டுப்பதிவு நாளில் வியாபாரம், தொழிற்சாலை, நிறுவனம் எதில் வேலை பார்த்தாலும் சம்பளத்தோடு விடுமுறை தரணும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு சொல்கிறது. தினக்கூலிக்கும் பொருந்தும். திருப்பூரில் இருக்கிற உங்கள் மகளிடம் இதைச் சொல்லுங்கள். வயல் வேலைக்கு யாரும் விடுமுறை எழுதித் தரப்போவதில்லை. அதற்கு வழி நம் கையில்தான் இருக்கிறது. காலை 7 மணிக்குச் சாவடி திறக்கும். ஒரு கொத்தாக வேலைக்குப் போகிற பெண்கள் ஒரு கொத்தாகவே முதலில் சாவடிக்குப் போய்விட்டு, பிறகு வயலில் இறங்கலாம். முதல் நாளே நிலக்காரரிடம் சொல்லி வைத்துவிட்டால் பிரச்சினை இல்லை.

சாயந்திரம் நேரம் முடிவதற்குள் வரிசையில் நின்றுவிட்டால் டோக்கன் கொடுப்பார்கள். எத்தனை மணி ஆனாலும் நீங்கள் ஓட்டுப் போடலாம். "டைம் ஆச்சு, போங்க" என்றால் நகராதீர்கள்.

வாக்காளர் அட்டை தொலைந்திருந்தாலும் பரவாயில்லை. 2024 தேர்தலில் ஆதார், போட்டோ ஒட்டிய வங்கிப் பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை போன்றவற்றையும் ஏற்றுக்கொண்டார்கள். பட்டன் அமுக்கிய பிறகு பக்கத்துப் பெட்டியின் கண்ணாடியில் நீங்கள் போட்ட சின்னம் 7 விநாடி தெரியும். பார்த்துவிட்டு வாருங்கள்.

"உங்க ஓட்ட ஏற்கெனவே யாரோ போட்டுட்டாங்க" என்று சொன்னால் அழுதுகொண்டு திரும்பி வராதீர்கள். டெண்டர் ஓட்டு வேண்டும் என்று கேளுங்கள். சீட்டில் போட்டு தனி உறையில் வைப்பார்கள். சாதாரணமாக அதை எண்ண மாட்டார்கள். வழக்கு என்று வந்தால் அதுதான் சாட்சி.

படுத்த படுக்கையாக இருக்கிற மாமியார், நடக்க முடியாத மாற்றுத்திறனாளி இருக்கிறார்களா? 2024 தேர்தலில் 85 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும், 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனம் உள்ளவர்களுக்கும் படிவம் 12டி கொடுத்தால் வீட்டுக்கே வந்து ஓட்டு வாங்கினார்கள். தேர்தல் அறிவித்த உடனே கேட்டால்தான் கிடைக்கும்.

நம் குழு என்ன செய்யலாம்? என்ன செய்யக் கூடாது?

செய்யலாம்:

1. அடுத்த கூட்டத்தில் ஒவ்வொரு உறுப்பினரும் தன் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து வந்து சொல்லணும். இல்லாதவர்களின் பெயரைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, படிவம் கொடுக்கிற வரைக்கும் விடாமல் கேட்கணும்.

2. புது மருமகள்களுக்கு முதலில் படிவம் 8. ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கும்போதே இதையும் முடித்துவிடணும்.

3. எழுதத் தெரியாத உறுப்பினருக்குத் தெரிந்தவர் படிவம் பூர்த்தி செய்து தரணும்.

4. வேட்பாளர்கள் ஊருக்கு வரும்போது நம் தேவைகளை ஒரே தாளில் எழுதிக் கொடுக்கணும். ஜெயித்த பிறகு அதே தாளைக் கிராம சபைக்கு எடுத்துப் போகணும்.

செய்யக் கூடாது:

1. இன்னாருக்குத்தான் போடணும் என்று குழுவில் தீர்மானம் போடக் கூடாது. 15 பேருக்கு 15 மனசு.

2. குழு வழியாகப் பணம், புடவை, குடம் பிரித்துக் கொடுக்க யார் கேட்டாலும் ஒத்துக்கொள்ளக் கூடாது.

3. கட்சிக் கூட்டத்துக்கு ஆள் சேர்க்க உறுப்பினர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது. "வராட்டி கடன் கிடைக்காது" என்று யார் சொன்னாலும் கூட்டமைப்பிடம் உடனே சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. "எங்க வீட்டுக்காரர் சொல்ற சின்னத்துக்குத்தான் போடுவேன்" என்று சில பேர் சொல்கிறீர்கள். வீட்டில் பேசுங்கள், கேளுங்கள், சண்டைகூடப் போடுங்கள். ஆனால் அந்த அட்டை மறைப்புக்குள் நீங்கள் தனியாகத்தான் நிற்கிறீர்கள். வீட்டுக்காரர், மாமனார், நிலக்காரர், கட்சிக்காரர் யாரும் அங்கே வர முடியாது. நம் வாழ்க்கையில் அப்படித் தனியாக நின்று முடிவு எடுக்கிற இடம் எத்தனை இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள் குழுவில் 15 பேர். பக்கத்துக் குழுவில் 15 பேர். ஆறு குழு சேர்ந்தால் 90. காட்டுமன்னார்கோயிலில் வித்தியாசம் 87. இந்தக் கணக்கை வீட்டில் போய்ச் சொல்லுங்கள்.

பெயரைப் பார்ப்போம்! எல்லோரும் போவோம்! நம் விருப்பப்படி ஓட்டுப் போடுவோம்!